டெஸ்ஸிக்கு இரண்டு பள்ளிகள்

ஃபிளாட்புஷ், புரூக்ளின்
மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்த பிறகு

அன்பு மகள் ரோஷெலுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம், கடற்படைக் கப்பலில் நீயும் உன்னோடு இருக்கிற மற்ற நர்சுகளும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று டெஸ்ஸி ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால் உரக்க ஜெபிக்கிறாள், அவள் உங்கள் கேப்டன் வரைக்கும் பெயர் சொல்லி முடிப்பதற்குள் சூப் ஆறிவிடுகிறது. உன் அம்மாவின் முழங்கால் மழை வந்தால் முனகுகிறது, மற்ற நாட்களில் மறந்துவிடுகிறது. பஸ் ஓட்டுவதை விட்டு ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு விடியுமுன் விழிப்பு வந்துவிடுகிறது, எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் தேங்காய் ரொட்டி சுடக் கற்றுக்கொண்டிருக்கிறேன். முதல் ரொட்டியைப் பார்த்து உன் அம்மா சொன்னதை எழுத மாட்டேன், ஆனால் புறாக்கள் தின்றன.

விஷயத்துக்கு வருகிறேன். போனில் பள்ளிக்கூடப் பேச்சை எடுத்தபோது நீ "நீங்களே பாத்து முடிவு பண்ணுங்கப்பா, எனக்கு வார்டுக்கு நேரமாச்சு" என்று சொல்லி வைத்துவிட்டாய். போன் பேச்சு அப்படித்தான் போகும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். டெஸ்ஸிக்கு ஒரே நேரத்தில் இரண்டு இடங்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்று பூங்காவுக்கு எதிரில் இருக்கும் தனியார் பள்ளி, இன்னொன்று அரசுப் பள்ளியில் மீத்திறன் பிள்ளைகளுக்காக நடத்துகிற வகுப்பு. இந்த மாதக் கடைசிக்குள் ஒன்றுக்கு ஆமாம் என்றும் மற்றதுக்கு வேண்டாம் என்றும் சொல்லியாக வேண்டும். பிள்ளை உன்னுடையது, அவள் எங்கே படிக்கப் போகிறாள் என்பதை நீ முழுதாகத் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும், வார்டுக்கு ஓடுகிற அவசரத்தில் அல்ல.

தனியார் பள்ளியைப் பற்றி முதலில் சொன்னவர் சபையில் பியானோ வாசிக்கிற சகோதரி கிட்டென்ஸ். உதவித்தொகை கொடுக்கிறார்கள், நம் நிறத்துப் பிள்ளைகளைத் தேடுகிறார்கள் என்று சொல்லி விடாமல் நச்சரித்தார். அங்கே பரீட்சை கிடையாதாம், பிள்ளையை ஒரு மணி நேரம் விளையாட விட்டு இரண்டு டீச்சர்கள் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பார்களாம், அதுதான் நேர்காணல். அன்று காலை உன் அம்மா டெஸ்ஸியின் தலைமுடியை இழுத்துப் பின்னி, ஞாயிற்றுக்கிழமைக் கவுனை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டாள். பள்ளி வாசலில் நின்று நான் அவளிடம், என் அம்மா பார்படோஸில் எனக்குச் சொன்னதையும் உனக்கு நாங்கள் ஒவ்வொரு வாசலிலும் சொன்னதையும் அப்படியே சொன்னேன். "அடுத்தவங்க இடம். எதையும் தொடக்கூடாது, எதையும் கேக்கக்கூடாது, ஏதாவது குடுத்தா வேண்டாம், தேங்க்ஸ்னு சொல்லணும்." யோசித்துச் சொல்லவில்லை மகளே, வாய் தானாகச் சொல்லிவிட்டது. உள்ளே போன பிள்ளை மீன் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்த ஆள் உட்பட எல்லோருக்கும் குட்மார்னிங் சொல்லிவிட்டு ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டது. அந்த ஒரு மணி நேரமும் அதே இருப்புதான். மரக்கட்டைகள், களிமண், மணல் தொட்டி எல்லாம் முன்னால் கிடக்கின்றன, மற்ற பிள்ளைகள் ஒருவர் தலையில் ஒருவர் மணலைக் கொட்டுகிறார்கள், இவள் அசையவில்லை. பிஸ்கட் நீட்டினார்கள், அதையும் வேண்டாம் என்றுவிட்டாள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த எனக்குப் பெருமை தாங்கவில்லை, உன் அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். எப்படி வளர்த்திருக்கிறோம் பார் என்று இரண்டு பேரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

மறுநாள் அங்கே சேர்க்கையைப் பார்க்கிற மிஸ் ஹாலிங்கர் போன் செய்தார். "ரொம்ப மரியாதையான பொண்ணு, ஆனா அவ ஒண்ணையுமே தொடலியே, வீட்ல ஏதாச்சும் பயமுறுத்தி வச்சிருக்கீங்களா" என்று பதமாகக் கேட்டார். கோபம் வந்தால் உன் அம்மா என்னைக் குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள் என்பது உனக்குத் தெரியும். "மிஸ்டர் இயர்வுட், விளையாடத்தான் கூப்பிட்டாங்க, நீங்க புள்ளைய மியூசியத்துக்கு அனுப்பிட்டு வந்திருக்கீங்க" என்றாள். அவள்தான் கையை அழுத்தினாள் என்பதை நான் நினைவுபடுத்தவில்லை, எனக்கு இரவுச் சாப்பாடு வேண்டியிருந்தது. மிஸ் ஹாலிங்கர் இரக்கப்பட்டு இன்னொரு தடவை வரச் சொன்னார். இந்தத் தடவை வாசலில் நின்று, இங்கே எதையும் தொடலாம் என்று டெஸ்ஸியிடம் சொன்னேன். "அப்ப இது யாரு வீடு தாத்தா" என்று கேட்டாள். பள்ளிக்கூடம் என்று மட்டும் சொன்னேன். உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் மரக்கட்டைகளை அடுக்கி மீன் கடை போட்டுவிட்டாள். உன் அம்மா சர்ச் அவென்யூ கடைத்தெருவில் மீன்காரனைப் பிடித்து உலுக்குகிற குரல் அப்படியே வந்தது. "இது இன்னைக்குப் புடிச்ச மீனா, உங்க தாத்தா காலத்துல புடிச்சதா" என்று கேட்டு ஒரு பையனை அழ வைக்கப் பார்த்தாள். இடம் கொடுத்துவிட்டார்கள், உதவித்தொகையோடு.

அரசு வகுப்புக்கு நாங்கள் அலையவில்லை. இப்போது போகிற மழலைப் பள்ளியில் அவளுடைய டீச்சர் இவள் பெயரைச் சிபாரிசு செய்தார், பிறகு குலுக்கல், அதில் பெயர் விழுந்தது. அந்தப் பள்ளி பக்கத்தில் இல்லை, பஸ் மாறிப் போக வேண்டும். எந்த பஸ் எங்கே நின்று கழுத்தை அறுக்கும் என்று எனக்குத் தெரியும், அந்தக் கவலையை என்னிடம் விடு.

இரண்டு இடத்துக்கும் தனியாக ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உண்மையைச் சொல்கிறேன், தனியார் பள்ளியைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஒரு வகுப்பில் பதினைந்து பிள்ளைகள், இரண்டு டீச்சர்கள், அறை முழுக்க வெயில், யாரும் யாரையும் அதட்டுவதில்லை. டெஸ்ஸி ஒரு கேள்வி கேட்டால் அதை வைத்தே ஒரு வாரம் பாடம் நடத்துவார்கள் போல. அங்கே ஒரு பிள்ளையின் அம்மா என்னிடம் வந்து பேசினாள், நல்ல பெண், சிரித்த முகம். "உங்க பேத்தி இங்க வர்றது எங்க பசங்களுக்கு ரொம்ப நல்லது" என்றாள். அதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை, நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது. இவள் அங்கே படிக்கப் போகிறாளா அல்லது அவர்களுடைய பிள்ளைகளுக்கு நல்லது செய்யப் போகிறாளா என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டேன். வகுப்பில் அவள் நிறத்தில் அவளைத் தவிர இன்னொரு பிள்ளைதான் இருக்கும். உதவித்தொகையும் ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டியது. வழக்கமாகச் சேர்க்கையைப் பிப்ரவரியிலேயே முடித்துவிடுவார்களாம், நமக்காகக் காத்திருப்பதாக மிஸ் ஹாலிங்கர் மூன்று தடவை சொல்லிவிட்டார். மூன்று தடவையும் நான் நன்றி சொன்னேன்.

அரசுப் பள்ளி சொர்க்கம் என்று நினைத்துவிடாதே. சுவரில் பெயிண்ட் உரிந்து கிடக்கிறது, ஒரு டீச்சருக்கு இருபத்தைந்து பிள்ளைகள். மற்ற பெற்றோர்கள் இப்போதே ஆறாம் வகுப்புக்கு எங்கே போவது என்று பேசிக்கொள்கிறார்கள். ஒரு பையன் கூட்டலில் ஒன்றைத் தப்பாகப் போட்டுவிட்டு மேஜைக்கடியில் போய் அழுதான், ஐந்து வயசு. எனக்கு வலித்தது வேறொன்று. வாசலில் இருந்த காவல்காரப் பெண், குரலைக் கேட்டால் ஜமைக்காக்காரி, நான் பெயர் சொன்னதும் "புள்ள மேலயா கீழயா" என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. மீத்திறன் வகுப்புகள் மேல்மாடியில், அந்த வட்டாரப் பிள்ளைகளுக்கான சாதாரண வகுப்புகள் கீழே. சாப்பாட்டு மணி கூட வேறு வேறு. மேலே என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "அப்படிச் சொல்லுங்க அண்ணே, நம்ம ஆளுங்க மேல போயி ரொம்ப நாளாச்சு" என்றாள். சந்தோஷப்பட வேண்டிய பேச்சுதான். படியேறும்போது கீழ் வகுப்புக் கதவு திறந்திருந்தது, உள்ளே இருந்த பிள்ளைகள் எல்லாம் நம் டெஸ்ஸியைப் போலவே இருந்தார்கள். என்னால் அந்தப் படியை வேகமாக ஏற முடியவில்லை.

உன் அம்மா தனியார் பள்ளிப் பக்கம். "எங்க போனாலும் அவ தனியாத்தான் உக்காரப் போறா, சாப்பாடாவது நல்லா இருக்கிற இடத்துல உக்காரட்டும்" என்கிறாள். வாயடைக்கிற பேச்சுதான், அங்கே மதியம் சூடாகச் சமைத்துப் போடுகிறார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் என் மனசு அரசுப் பள்ளிக்குத்தான் போகிறது, ஏன் என்று சொல்கிறேன். அந்த இடம் யாரும் இரங்கிக் கொடுத்தது இல்லை. அங்கே அவள் ஒரு நாள் அழலாம், ஒரு நாள் முரண்டு பிடிக்கலாம், பாடத்தில் பின்தங்கலாம், யாருக்கும் நன்றி சொல்ல வேண்டாம், யாருக்கும் நல்லது செய்ய வேண்டாம். தனியார் பள்ளியில் பதிமூன்று வருடம் நல்ல விருந்தாளியாகவே அவள் இருந்துவிடுவாளோ என்று பயப்படுகிறேன். மேல்மாடி கீழ்மாடி விஷயம் என்னை உறுத்துகிறது. சாயங்காலம் கீழ் வகுப்புப் பிள்ளைகளோடு மைதானத்தில் ஒரு மணி நேரம் விளையாட விட்டுத்தான் கூட்டிக்கொண்டு வருவேன், என்னால் ஆனது அவ்வளவுதான். நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். உன் அம்மா சொல்வது சரி என்று உனக்குப் பட்டால் ஒரு வார்த்தை சொல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் பூங்கா வரைக்கும் தினமும் நடப்பேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதைத் தள்ளித் தள்ளிக் கடைசிக்குக் கொண்டுவந்துவிட்டேன். நீ கடற்படையில் இன்னும் நான்கு வருடத்துக்குக் கையெழுத்துப் போடலாமா என்று யோசிப்பதாக அம்மாவிடம் சொன்னாயாம். அவள் சமைத்துக்கொண்டே போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறவள், சமையலறையில் டெஸ்ஸியும் மாக்கரோனிக்குச் சீஸ் துருவிக்கொண்டிருந்தாள். அவள் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை, அதனால் கவனிக்கவில்லை என்று நினைத்தோம். போன வாரம் அரசுப் பள்ளியில் இடம் கிடைத்த பிள்ளைகளை அழைத்து வட்டமாக உட்கார வைத்தார்கள், நான் பின்னால் சுவரோரம் நின்றேன். மூன்று மணிக்கு உங்களைக் கூட்டிப் போக யார் வருவார்கள் என்று டீச்சர் ஒவ்வொருவராகக் கேட்டார். அம்மா, அப்பா, ஆயா, அக்கா என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். டெஸ்ஸி தாத்தா என்று சொல்லுவாள் என்று நான் கையைக்கூட லேசாகத் தூக்கிவிட்டேன். அவள் "எங்க அம்மா வருவாங்க. ஆனா எந்த வருஷம்னு இன்னும் சொல்லல" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், பஸ் எப்போது வரும் என்று சொல்வதைப் போல. தூக்கிய கையால் நான் தலையைச் சொறிந்துகொண்டேன்.

வற்புறுத்துவதற்காக இதை எழுதவில்லை என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன், அது பொய். வற்புறுத்தத்தான் எழுதுகிறேன் மகளே. உன் வேலையில் எனக்கு இருக்கிற பெருமையைச் சபையில் கேட்டுப் பார், என்னைக் கண்டாலே பேச்சை மாற்றுகிறார்கள். நீ அந்தச் சீருடையை எதற்காகப் போட்டாய் என்றும் தெரியும், டெஸ்ஸிக்காகத்தான் போட்டாய். ஆனால் நாங்கள் இத்தனை நாளாக இரண்டு பள்ளிக்கூடங்களுக்கு நடுவே நடந்து தேய்ந்துகொண்டிருக்க, எது நல்ல பள்ளி என்று எங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்க, பிள்ளை வேறு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நல்ல டீச்சர் இரண்டு இடத்திலும் கிடைப்பார். அவள் கேட்கிறது இரண்டு இடத்திலும் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு, ஜப்பானில் கரைக்கு வரும்போது உன் அம்மா பின்னிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொள், நிறம் பிடிக்கவில்லை என்றாலும். கர்த்தர் உன் கப்பலையும் உன் கைகளையும் காப்பாராக, எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உன்மேல் இருக்கும். மாதக் கடைசிக்குள் எந்தப் பள்ளி என்று சொல்லிவிடு. உன்னிடமிருந்து சேதி வராவிட்டால் அரசுப் பள்ளிக்கு நான் ஆமாம் சொல்லிவிடுவேன், அது என்னால் முடியும். எந்த வருடம் என்பதை மட்டும் நீயே அவளிடம் சொல்லிவிடு, அதை உனக்குப் பதிலாக நான் சொல்ல முடியாது.

என்றும் உன் நினைவோடு,
அப்பா
எவர்ட்டன் இயர்வுட்