இரண்டாம் தரம் காட்டிய சைகை

மச்சான்,

உன் கிளவுஸ் இப்போது என் குசினி மேசையில் இருக்கிறது. உன் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து எல்லாரும் மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உன் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டுத் தந்தார். "அவன்ர சாமான்களுக்கை எனக்கு விளங்காதது இது ஒண்டுதான். நீயே வைச்சிரு மோனை" என்றார். இன்னொன்றும் கேட்டார். அதற்குத்தான் இந்தக் கடிதம். மெல்ல வருகிறேன்.

அது இருந்தது நீ சியாகுல்லிப் பழத்தோட்டத்து வேலைக்குக் கொண்டுபோகிற அதே பையில். திறந்ததும் மந்தரினோப் பழ வாசம் அடித்தது. அடியில் காய்ந்த பழத்தோல் நாலைந்து கிடந்தது. உரித்துத் தின்றுவிட்டு, குப்பைத்தொட்டி தேடப் பஞ்சிப்பட்டு உள்ளே போட்டிருக்கிறாய். செத்தும் பஞ்சி போகவில்லையே இவனுக்கு என்று சிரித்தேன். பிறகு அழுகை வந்துவிட்டது.

இரண்டு பெருவிரல் உள்ள பேஸ்போல் கிளவுஸ். எந்தக் கையிலும் மாட்டலாம். பயிற்சியாளர் அதை அமெரிக்காவிலிருந்து எடுப்பித்துத் தந்த அன்று, நீ அதைப் போட்டுக்கொண்டு கபோச் சந்தை முழுக்கச் சுற்றினாய். மீன்காரன் ஆறு விரலையும் எண்ணிப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். இன்று நான் கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். இடக்கைப் பெருவிரல் போகிற பக்கம் இன்னும் விறைப்பாக இருக்கிறது. வலக்கைப் பெருவிரல் போகிற பக்கமோ தேய்ந்து, துணிபோல் மெத்தென்று ஆகிவிட்டது. கிளவுஸை வலக்கையில் போடுகிறவன் இடக்கையால் எறிகிறவன். உன் சொந்தக் கை எது என்று கேட்டால் இந்தக் கிளவுஸே பதில் சொல்லும். ஆனால் உன் எறியைப் பார்க்க அன்று வந்தவர் கேட்டது என்னிடம்.

நீ பிறவியிலேயே இடக்கைக்காரன். சின்ன வயதில் சாப்பிடும்போது அன்ரி உன் இடக்கையைத் துவாயால் கதிரையோடு கட்டிவிடுவாராம். "சோத்துக்கையாலை தின்னடா, ஆக்கள் பாக்கினம்" என்பாராம். சோறும் பென்சிலும் சிலுவை போடுவதும் அப்படித்தான் வலக்கைக்கு வந்தன. பந்து மட்டும் இரண்டு கைக்கும் வந்தது. "அம்மா கட்டினபடியாத்தான் மச்சான் எனக்கு ரெண்டு கை" என்று நீ பெருமையடிப்பாய்.

இத்தாலிக்கு வந்த நம்மவர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் விளையாடினார்கள். நாம் இருவரும் மட்டும் பேஸ்போல். என் அப்பா பேஸ்போல் மைதானத்தைக் கூட்டித் துடைக்கிற வேலை செய்ததால் வந்த வினை. "மட்டையை எறிஞ்சுபோட்டு ஓடுறதும் ஒரு விளையாட்டே?" என்று அங்கிள்மார் நக்கலடித்தார்கள். மத்தியானம் கடைகள் பூட்டியதும் கபோ ஒழுங்கையில் நீ எறிவாய், நான் குந்தியிருந்து பிடிப்பேன். நான் இடது முழங்காலைத் தொட்டால் இடக்கை. வலதைத் தொட்டால் வலக்கை. உனக்குச் சரிவராவிட்டால் தலையாட்டி மறுக்கலாம். ஆனால் ஒருமுறைதான். "ரெண்டாந்தரமும் காட்டினா மறுபேச்சில்லை. அடிக்கிறவனைக் கிட்ட நிண்டு பாக்கிறது நீதானே" என்றாய். அந்தச் சட்டத்தைப் போட்டவன் நீ.

நமக்குப் பத்தொன்பது வயதானபோது, அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஆள் தேடுகிறவர் ஒருவர் வட இத்தாலியிலிருந்து வந்தார். இரண்டு கையாலும் எறிகிறவன் இங்கே ஒருவன் இருக்கிறான் என்று பயிற்சியாளர் சொல்லி அழைத்திருந்தார். அவருக்குப் பிடித்துப்போனால் உனக்குப் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அங்கே. அந்தக் கிழமை முழுக்க உனக்கு நித்திரை இல்லை. எனக்கும் இல்லை, ஆனால் காரணம் வேறு.

அன்ரி பொலிதேயாமாப் பக்கம் ஓர் இத்தாலியச் சிஞ்ஞோராவின் வீட்டு வேலையை முடித்துவிட்டு நேரே மைதானத்துக்கு வந்தார். கேற்றடியில் என் கையைப் பிடித்தார். "இடக்கையன் எண்டு மட்டும் சொல்லிப்போடாதை மோனை. குறையெண்டு நினைப்பினம்." நான் "சரி அன்ரி" என்றேன். மனதுக்குள் சிரிப்புத்தான். இடக்கையால் எறிகிறவர்களை அங்கே விளக்குப் பிடித்துத் தேடுகிறார்கள் என்று பயிற்சியாளர் எத்தனையோ தரம் சொல்லிவிட்டார்.

வந்தவர் கம்பி வலைக்குப் பின்னால், என் முதுகுக்கு நேரே நின்றார். நீ எறிகிற மேட்டில் ஏறி ஒவ்வொரு கையாலும் பத்துத் தரம் எறிந்தாய். வலக்கைப் பந்துகள் ஒழுங்காக வந்தன. இடக்கைப் பந்துகள் தாறுமாறு, இரண்டு பந்து கம்பி வலையில் போய் அடித்தன. உன் இடக்கை எப்போதுமே அப்படித்தான். அதற்குச் சூடேறப் பத்துப் பன்னிரண்டு எறி வேண்டும். அதற்குப் பிறகு வருகிற பந்தைப் போல நான் வாழ்க்கையில் ஒன்றையும் பிடித்ததில்லை. அது தெரிந்தவன் அந்த இடத்தில் நான் ஒருவன்தான்.

அவர் குனிந்து என்னிடம் இத்தாலியனில் சொன்னார். "இரண்டு கையும் வேடிக்கைக்குச் சரி. கல்லூரிக்கு ஒரு கை போதும். மிச்ச இருபது எறியையும் ஒரே கையில் பார்க்கிறேன். அவனுடைய சொந்தக் கை எது?"

வலது என்றேன்.

சொல்லிவிட்டு வலது முழங்காலைத் தொட்டேன். நீ அப்போதுதான் சூடேறிய இடக்கையில் பந்தை உருட்டிக்கொண்டிருந்தாய். தலையாட்டி மறுத்தாய். நான் திரும்பவும் வலது முழங்காலைத் தொட்டேன். ஒரு கணம் என்னைப் பார்த்தாய். பிறகு கிளவுஸைக் கழற்றி மற்றக் கையில் மாட்டினாய். இருபதும் நல்ல எறி. அசத்துகிற எறி ஒன்றும் இல்லை. அவர் பயிற்சியாளருக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார், பிறகு ஒரு தகவலும் வரவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டாய். "என்ன மச்சான் கேட்டவர்?"

"வயசு கேட்டவர்."

"பிறகேன் வலக்கையைக் காட்டினனீ?"

"இண்டைக்கு அதுதான் நல்லா விழுந்தது."

"நீ சொன்னாச் சரிதான்" என்றாய். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒருநாளும் நீ கதைக்கவில்லை. ஏசியிருந்தாலாவது தாங்கியிருப்பேன்.

அன்ரியின் சொல்லுக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அவர் சொன்னது அந்த நேரம் என் நினைவிலேயே இல்லை. நீ போய்விட்டால் நான் யாருக்குப் பிடிப்பது என்ற பயம் ஒரு பாதி. நான் இங்கே இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வரிசையில் நிற்க, நீ அமெரிக்காவுக்கு விமானம் ஏறுவாயே என்ற எரிச்சல் மற்றப் பாதி. இதில் எது பெரிய பாதி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நீ சியாகுல்லிக்கு மந்தரினோ பிடுங்கப் போனாய். இரண்டு கையாலும் பிடுங்கி மற்றவர்களை முந்தினாய். இந்த மாசி மழையில் அந்தத் தோட்டத்து வளைவில்தான் உன் ஸ்கூட்டர் வழுக்கியது. எல்லாம் விதி என்று சனம் சொல்கிறது. சொல்லட்டும். அன்று நான் இடது என்று சொல்லியிருந்தால் அந்தப் பாதையில் நீ இருந்திருக்கமாட்டாய்.

நீ செத்த நாளிலிருந்து என்னை விடுகிறாய் இல்லை. பொலிதேயாமா பஸ் தரிப்பில் யாரோ ஒருவன் போனில் கதைத்துக்கொண்டு இல்லை என்று தலையாட்டுகிறான். அது நீ. சப்பாத்துக் கட்டக் குந்தினால் என் கை தானாக வலது முழங்காலுக்குப் போகிறது. திடுக்கிட்டு எழும்பிவிடுகிறேன். குந்தியிருக்கவே பயமாக இருக்கிறது மச்சான்.

அன்ரி கேட்ட மற்றதைச் சொல்கிறேன். பையை என் கையில் தந்துவிட்டும் அவர் அதன் பிடியை விடவில்லை.

"அண்டைக்கு நான் அப்பிடிச் சொல்லாட்டி, நீ அந்த மனிசனிட்டை உண்மையைச் சொல்லியிருப்பாய், என்ன? என்ர பிள்ளை போயிருப்பான். நான்தானே மறிச்சனான்? சின்னனிலை கையைக் கட்டினனான், வளந்தாப்பிறகும் கட்டிப்போட்டன்."

நான் "ஓம் அன்ரி" என்றேன்.

வாயில் வந்துவிட்டது. அவர் பிடியை விட்டார். போய்ச் சுவரோரக் கதிரையில் இருந்து, தன் இரண்டு கையையும் மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ கொண்டுவந்து கொடுத்த சாப்பாட்டைத் தொடவே இல்லை. நான் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நாளைக்கு ஞாயிறு. அன்ரி காலைப் பூசைக்கு வருவார். நான் கோயில் வாசலில் நிற்பேன். அவர் திரும்பவும் கேட்பார், கேட்காமல் இருக்க அவரால் முடியாது. இதை எழுதத் தொடங்கியதிலிருந்து, அன்ரிக்கு நான் சொன்ன அந்த "ஓம்" சரியில்லை என்று நீ அந்த மேட்டில் நின்று தலையாட்டிக்கொண்டே இருக்கிறாய்.

கண்டுவிட்டேன், மச்சான். இரண்டாம் தரம் காட்டமாட்டேன்.