மூடிய பாட்டில்

நவம்பர் 1, இரவு

அம்மா கல்லறையில் நின்ற காட்டு ரோஜா போன வருட மழையில் சாய்ந்துவிட்டது. நாளை கல்லறைத் திருநாளன்று அங்கேயே விதைக்கலாமென்று அதன் விதைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். எங்கள் நர்சரி வழக்கப்படி தண்ணீரில் போட்டு, மிதந்ததைக் கொட்டிவிட்டு, மூழ்கியதை மட்டும் காயவைத்து பாட்டிலில் அடைத்தேன். பிறகு திறக்கவே இல்லை.

இன்று எடுத்தால், உள்ளே எறும்பைவிடச் சின்னக் குளவிகள் கண்ணாடியில் ஊர்கின்றன.

நர்சரியில் கூட வேலை பார்க்கும் மேரியக்காவிடம் காட்டினேன். "மூடி இறுக்கமாத்தானேக்கா இருந்துச்சு?"

"வெளியருந்து வரலடி. காய் பிஞ்சா இருக்கையிலயே முட்டை வச்சிருக்கும். புழு விதைக்குள்ளயே தின்னுக்கிட்டுக் கெடந்திருக்கு."

எல்லா விதையிலும் ஊசிமுனை ஓட்டை. ஒன்றில் மட்டும் இல்லை. நல்ல கனம். அதை இடது கையில் பொத்திக்கொண்டுதான் எழுதுகிறேன். கைச்சூட்டில் இப்போது லேசாக அசைந்தது.