எதுவும் விடாத தட்டு

ஆய்வகத்துக்குள் நுழையும் முன் கையில் ஸ்பிரிட் தெளித்துக்கொள்ள வேண்டும். இன்று காலை அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் அறைதான் நினைவுக்கு வந்தது, அண்ணா. படுக்கையில் உன்னைப் புரட்டிப் போட்டு அண்ணி இதே ஸ்பிரிட்டால்தான் இடுப்பைத் துடைப்பார். சில்லென்று இருப்பதுகூட உனக்குத் தெரியாது.

பொம்மசந்திரா தொழிற்சாலையில் ஏணிமேல் நின்று இயந்திரத்தின் பெல்ட்டை மாற்றும்போது நீ விழுந்து, உன் முதுகுத்தண்டு நசுங்கியது. தங்கவயல் சுரங்கத்துக்குள் இறங்கிய அப்பா முழுசாய்த் திரும்பினார், ஏணியில் ஏறிய நான் விழுந்தேன் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

அதுவரை என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவன், அதற்குப் பிறகு துருவித் துருவிக் கேட்டாய். எலிக்குஞ்சின் முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நரம்புச் செல்களைத் தட்டில் வளர்த்து, மெல்லிய ஊசியால் கீறிக் காயப்படுத்துவோம். சில தட்டுகளில் ஈஸ்ட்ரோஜன் விடுவோம், சாகப்போகிற செல்களை அது காப்பாற்றுகிறதா என்று பார்க்க. மற்றவற்றில் அதை விடமாட்டோம். பெண்களின் ஹார்மோன் என்றதும் மீசையைத் தடவிக்கொண்டாய்.

"மீசை போனாலும் பரவால்ல பாப்பா, கால் வந்தா போதும்."

அடிபட்ட சூட்டோடு விட்டால்தான் தட்டிலேயே பலன், மனிதர்களுக்கான மருந்தாக அது இன்னும் வரவில்லை என்று சொன்னேன். தலையாட்டினாய். காதில் வாங்கினாயா, தெரியாது.

எந்தத் தட்டில் ஹார்மோன் என்பது செல்களை எண்ணுகிறவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதனால் தட்டின் மேல் வெறும் குறிதான் இருக்கும். ஒரு மாலை மெட்ரோ பிடித்து உன் வீட்டுக்கு வந்து, கைபேசியில் படங்களைக் காட்டினேன். கீறலைத் தாண்டி நூல்போல் ஒன்று நீண்டிருந்த தட்டைத் தொட்டு, இதில்தான் மருந்து என்றாய். எண்ணி முடித்த பிறகு ஆய்வகத்தில் குறிகளைப் பிரித்துப் பார்த்தோம். அது எதுவும் விடாத தட்டு.

சொன்னால் உன் முகம் வாடும் என்று நினைத்தேன். மலர்ந்துவிட்டது.

"அப்போ ஒண்ணும் குடுக்காமலே வளருது, இல்ல?"

ஒரு தட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது, மற்றவற்றில் அப்படி இல்லை என்றேன். அன்றிலிருந்து நீ உன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு கிடந்தாய். ஆடியது என்று கூப்பிடுவாய். அண்ணி அடுப்பை விட்டுவிட்டு ஓடி வருவார். ஆடவில்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஏன் இப்படிப் பொய் சொல்கிறார் என்று எனக்குக் கோபமாக வரும்.

படுக்கைப்புண் சீழ் வைத்து, காய்ச்சல் இறங்காமல் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போர்வையை விலக்கச் சொன்னாய்.

"ஸ்வல்ப பாரு பாப்பா, கொஞ்சமாவது ஆடுதா?"

"ஆடுதுண்ணா" என்றேன்.

இன்று எண்ண உட்கார்ந்தால், ஒரு தட்டில் கீறலைத் தாண்டி ஒரு நூல் நீண்டிருக்கிறது. ஹார்மோன் விட்டதா, விடாததா, எனக்குத் தெரியாது. விடாததாக இருக்கட்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. எண்ணுகிறவளுக்கு அது ஆகாது. தட்டுகளைப் பக்கத்து மேசையில் இருப்பவரிடம் தள்ளி, இன்றைக்கு நீங்கள் எண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன், அண்ணா.