உன் இலக்கத்துக்கு மட்டும் வந்த செய்தி

விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு வந்து அமர்ந்தபோது, என் மேசையில் உன் கைபேசி அதிர்ந்தது. "வட்டு நாற்பது வீதம். சுகம்." நம் வைத்தியசாலை சேர்வரில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று நீ எழுதிவைத்த ஸ்கிரிப்ட் தினமும் உனக்கு அனுப்பும் செய்தி. நீ மவுத்தாகி, உன்னை அடக்கி எழுபது நாளாகிறது. அது இன்னும் உனக்கே அறிக்கை தருகிறது.

என் முறைப்பாடுகள்:

1. சென்ற ரமழான், முதற்பிறை: பழைய காப்புப்பிரதிகளைத் தானாக அழிக்கும் கட்டளை வரியை நிறுத்தினாய். தேவையான ஒன்று அழிந்துபோனதால், இனிக் கையால் அழிப்பது என்று நீயே முடிவெடுத்தாய். எனக்குச் சொல்லவில்லை.

2. அதே ரமழான், கடைசி வெள்ளி: எச்சரிக்கை என் இலக்கத்துக்கும் வரட்டும் என்றேன். "நான் இரிக்கன்தானே மச்சான், உனக்கு என்னத்துக்கு இந்தத் தலையிடி" என்றாய்.

3. நீ மவுத்தான நாற்பத்தோராம் நாள்: கையால் அழிக்க ஆளில்லாமல் வட்டு நிரம்பியது.

இரண்டு நாள் கிளினிக் பதிவுகள் போயின. திரை ஏற்றுக்கொண்டதாகவே காட்டியது. உள்ளே எதுவும் எழுதப்படவில்லை. சம்மாந்துறையிலிருந்து வந்த நீரிழிவு நோயாளர்கள் மறுபடியும் வரிசையில் நின்று இரத்தம் கொடுத்தார்கள். முதியவர் ஒருவர் சட்டைக் கையை மடித்தபடி என்னிடம் கேட்டார்: "அண்டைக்கு எடுத்த ரெத்தம் எங்க போன, தம்பி?" பதில் சொல்லவேண்டியவன் நீ. நின்றவன் நான்.

வட்டு நிரம்புமுன்பே உன் கைபேசியைக் கேட்க நான் வந்தேன். உன் மனைவி இத்தா இருக்கும் வீடு, பிற ஆண் உள்ளே போகக்கூடாது என்று கேற்றோடு திரும்பினேன். பதிவுகள் போன பிறகு என் மனைவிதான் உள்ளே போய் வாங்கிவந்தாள். உன் மனைவி அவளிடம் சொன்னாராம்: "ஒவ்வொரு நாளும் சுபஹோட வருது ராத்தா. மவுத்தான ஆளுக்கு வாறத நான் தொறந்து பாக்கிற சரியில்லதானே. சார்ஜ் மட்டும் போட்டு வெச்சன்." அவரும் மரியாதை செய்தார், நானும் செய்தேன். உன் எச்சரிக்கைகள் அலுமாரிக்குள் தவறாமல் வந்து சேர்ந்தன.

கம்பஸில் ஒரே கணினிக்கு முன் இரண்டு கதிரை போட்டிருந்த காலத்தில், என் ஸ்கிரிப்டை அடித்துத் திருத்தியவன் நீ. "எழுதினவன் இல்லாட்டியும் ஓடோணும்டா" என்றாய். முப்பது வருடமாக அதை நம்பி வேலை செய்கிறேன். நீதான் நம்பவில்லை.

அழிக்கும் வரியை மீண்டும் இயக்கிவிட்டேன். செய்தி இப்போது எனக்கும் இன்னும் இருவருக்கும் வருகிறது. உன் இலக்கத்தை ஏன் எடுக்கவில்லை என்று என்னிடம் கேட்காதே.

விசாரணைக் குழு எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறது. யாருடைய கவனயீனம் என்ற கேள்விக்கு ஒரு பெயர் எழுதும் அளவுக்குத்தான் இடம் விட்டிருக்கிறார்கள். உன் பெயரை எழுதினால் எவரும் மறுக்கப்போவதில்லை. என் பெயரை எழுதினால் என் பதவி போகும்.

வரும் வியாழன் பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் உன் பதில் எழுத்தில் எனக்குக் கிடைக்கவேண்டும். கிடைக்காவிட்டால், அந்த இடத்தில் என் பெயரை எழுதிக் கையொப்பமிடுவேன். அதையும் இந்த முறைப்பாடுகளில் நான்காவதாகச் சேர்த்துக்கொள்.