குழந்தை கத்தினதால வண்டி சறுக்கல

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுறது. நாங்க இங்க சௌக்கியம், நீ சௌக்கியமான்னு கேக்கிறது முறை, அதனால கேட்டு வைக்கிறேன். போன்ல சொன்னா பாதியிலேயே மீட்டிங் இருக்கும்மான்னு வச்சுடுறே, காகிதத்தை அப்படி வைக்க முடியாது பாரு, அதான் எழுதுறேன். உங்கப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கு, டாக்டர் நடக்கச் சொன்னார்னு டிவிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவுல நடக்கிறார். உன் பொண்டாட்டிக்குத் தோள் எலும்பு கூடி வருது, ஆனா கை இன்னும் கழுத்துல கட்டின துணியிலதான் தொங்குது, தலை வாரவும் நான்தான் வேணும். அது எப்படி இருக்குன்னு நீ ஒரு வார்த்தை கேக்கல. அவளையும் குழந்தையையும் எப்போ அனுப்புறீங்கன்னு மட்டும் கேட்டே, என்னமோ பார்சலை மறந்து வச்சுட்டுப் போன மாதிரி. இப்போதைக்கு அனுப்புறதா இல்ல. ஏன்னு சொல்றேன், உக்காந்து படி.

லீவுல வந்தே, மலைக்குப் போறோம்னு வீட்டு வண்டியை எடுத்தே. மழை பேஞ்சிருக்கு பாத்துப் போடான்னு நான் சொன்னதுக்கு, எனக்கேவான்னு சிரிச்சே. மருமக எல்லாத்தையும் சொன்னா. முன்னாடி போன லாரியை முந்திட்டு அதே வேகத்தோட கொண்டை ஊசி வளைவுக்குள்ள விட்டிருக்கே, உள்ள போனப்புறம் பயந்து பிரேக்கை ஓங்கி மிதிச்சிருக்கே, வண்டி வழுக்கிக்கிட்டுப் போய்ப் பாறையில இடிச்சிருக்கு. இடிக்கப் பாறை இருந்தது உன் நல்ல நேரம், அந்தப் பக்கம் வெறும் பள்ளம். ஆனா ஆஸ்பத்திரியிலிருந்து நீ எங்களுக்குச் சொன்னது என்ன? பின்னாடி இருந்த குழந்தை திடீர்னு கத்திடுச்சு, திடுக்கிட்டு மிதிச்சுட்டேன்னு சொன்னே. என் தங்கச்சிகிட்டயும் அதே கதை, ஆபீஸ்லயும் அதே கதை. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், நீ ரோட்டைக்கூடக் குத்தம் சொல்லல, பெத்த பொண்ணைச் சொல்லிட்டே. அடேய், அவ கத்தினதால வண்டி சறுக்கல, வண்டி போற போக்கைப் பாத்துத்தான் அவ கத்தினா. அப்பா மெதுவா, அப்பா மெதுவான்னு கத்தியிருக்கா. ஆறு வயசுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியல.

நாம என்ன பலசரக்குக் கடையா வச்சிருக்கோம்? டிரைவிங் ஸ்கூல்டா. வாத்தியார் புள்ள மக்குன்னு ஊர் சொல்றதை நிரூபிக்கணும்னு உனக்கு என்ன வேண்டுதலா? எனக்குத் தெரியும் நீ எங்க கோட்டை விட்டேன்னு. நம்ம எல் போர்டு வண்டியில என் காலடியிலயும் ஒரு பிரேக் உண்டுல்ல, நீ பழகின காலம் பூரா ஒவ்வொரு வளைவுலயும் லேட்டாத்தான் மிதிப்பே, அதுக்குள்ள என் கால் மிதிச்சு வண்டி அடங்கியிருக்கும், நீயே திருப்பிட்ட மாதிரி காலரைத் தூக்கி விட்டுக்குவே. அன்னிக்கும் பக்கத்துல யாராவது மிதிப்பாங்கன்னு உன் கால் சும்மா இருந்திருக்கு. பக்கத்துல இருந்தது உன் பொண்டாட்டி, அவ காலடியில கைப்பைதான் இருந்தது. நீங்கதானேம்மா அப்படிப் பழக்கினீங்கன்னு இதையும் என் தலையில கட்டாதே, அதே வண்டியில ஊர்ல பாதிப் பேர் பழகிட்டுப் போயிருக்காங்க, ஒருத்தரும் பாறையைத் தேடிப் போகல. மறந்திருந்தா திரும்பவும் சொல்றேன், வாங்கிக்கோ. வேகத்தைக் குறைக்கிறது வளைவுக்கு முன்னாடி, ரோடு நேரா இருக்கும்போதே, கியரையும் அப்பவே இறக்கிடு. உள்ள போனப்புறம் பிரேக்கை ஓங்கி மிதிச்சா சக்கரம் உன் பேச்சைக் கேக்காது. பள்ளத்தைப் பாக்காதே, வெளிய வரப்போற இடத்தைப் பாரு, கண்ணு போற பக்கம்தான் கையும் போகும். எதிர்ல வர்றது தெரியாத இடத்துல முந்தாதே. பின்னாடி வர்றவன் திட்டினா திட்டட்டும், மானம் ஒண்ணும் கப்பலேறிடாது.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். உன் சித்தி, உன் பொண்டாட்டியைப் பாக்க வந்தா. வந்தவ சும்மா இருக்காம குழந்தை கன்னத்தைக் கிள்ளி, இனிமே வண்டியில கத்தாதே கண்ணு, பாரு உன்னால அம்மாவுக்கு எப்படி அடிபட்டுடுச்சுன்னு சொல்லிட்டு, டீயைக் குடிச்சுட்டுப் போயிட்டா. நம்ம வாயாடியைத்தான் உனக்குத் தெரியுமே, வண்டியில ஏறினா லைட் கம்பத்துக்கெல்லாம் டாட்டா சொல்ற ஜாதி. அன்னியிலிருந்து வண்டியில வாயைத் திறக்கிறதே இல்ல. நானும் அசதின்னு நினைச்சேன். நேத்து எல் போர்டு வண்டியில கடைக்குக் கூட்டிட்டுப் போய்த் திரும்பி வந்து இறங்கினோம், நான் கதவைச் சாத்திட்டு டிக்கியிலிருந்து சாமானை எடுத்தேன். திரும்பிப் பாத்தா குழந்தை கதவுகிட்டயே நிக்குது, ஒரு கையால வாயை இறுக்கிப் பொத்தியிருக்கு, முகம் பூரா கண்ணீர். இன்னொரு கையோட விரல் கதவுல மாட்டியிருக்குடா. ஒரு சத்தம் வரல. பதறிப்போய்க் கதவைத் திறந்து, விரலைத் தண்ணியில வச்சு, ஏண்டி தங்கம் என்னைக் கூப்பிடலன்னு கேட்டேன். கத்தினா உங்களுக்கும் எலும்பு ஒடைஞ்சுடும்லன்னு சொல்றா. நீ எதிர்ல இல்லாமப் போனது உன் அதிர்ஷ்டம். எலும்புக்கு ஒண்ணும் இல்ல, நகம் கறுத்துப் போச்சு.

உன் தப்பு இல்லடின்னு நானும் சொல்லிட்டேன், அவ அம்மாவும் மடியில வச்சு அழுதுக்கிட்டே சொல்லிட்டா. தலையை ஆட்டுறா, நம்ப மாட்டேங்கிறா. அப்பா அப்படித்தானே சொன்னாங்கங்கிறா. அப்பா சொன்னதை அப்பாதான் திருப்பி எடுக்கணும். நான் வேகமாப் போனேன், நீ சரியாத்தான் சொன்னே, நான்தான் கேக்கலன்னு அவகிட்ட சொல்லு. மழைன்னு ஆரம்பிக்காதே, டயர்னு இழுக்காதே, உன் அப்பா மாதிரி தொண்டையைச் செருமிக்கிட்டு நிக்காதே. சித்திக்கும் நீயே போன் போட்டுச் சொல்லு. அதுக்கப்புறம் உன் பொண்டாட்டி அங்க வர்றதும் வராததும் அவ இஷ்டம், நான் பிடிச்சும் வைக்க மாட்டேன், பிடிச்சுத் தள்ளவும் மாட்டேன். ஆனா அதைச் சொல்லாம இந்த வாசப்படி மிதிக்காதே. ஏன் இவ்வளவு காட்டமா எழுதுறேன்னு உங்கப்பா கேக்கிறார், இதுவே அடிச்சுத் திருத்திக் காட்டத்தைக் குறைச்சதுன்னு அவருக்குத் தெரியாது.

நல்லா இரு, நூறு வயசு இரு, உன்கூட உக்கார்றவங்களும் இருக்கிற மாதிரி வண்டியை ஓட்டு. வேளாவேளைக்குச் சாப்பிடு. இது கைக்கு வந்த அன்னிக்கே கூப்பிடு, மறக்காதே. அவ இப்போ போன்லயும் கிசுகிசுன்னுதான் பேசுறா, காதை நல்லா வச்சுக் கேளு.

இப்படிக்கு,
என்ன பண்ணித் தொலைச்சாலும் உன்னைப் பெத்தவ,
அம்மா