கசின் என்ற சொல்

பந்தல்குடி
21.11.1971

மதிப்புக்குரிய திரு. சௌந்தரபாண்டியன் அவர்களுக்கு,

உங்கள் மாமன் மகள் வெள்ளைத்தாய் எழுதுவது. இங்கு அப்பாவும் உங்கள் அம்மாவும் சுகம். இரண்டு நாள் பெய்த மழை நின்றுவிட்டது. பருத்தி முளைத்திருக்கிறது, அதற்கு மேல் சொல்வதற்கில்லை.

உங்கள் கடிதம் கிடைத்தது. கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவர் எழுதியது என்பதால் இரண்டு தடவை படித்தேன். உங்கள் பேராசிரியரின் மகளைக் கட்டப்போகிறீர்களாம். கசின் என்றால் உடன்பிறந்தவள் மாதிரி, படித்தவர்கள் கசினைக் கட்டுவதில்லை, என்னை எப்போதும் தங்கையாகவே நினைத்தீர்கள் என்கிறீர்கள். நான் ஆசிரியப் பயிற்சியில் இருந்தபோது வாரம் ஒரு கடிதம் போட்டீர்களே, அப்போதுமா?

சென்னைக்கு நாங்கள் வந்திருந்தபோது உங்கள் கல்லூரிக்காரர்களிடம் என்னை அந்தச் சொல்லால்தான் சொன்னீர்கள். அப்பா பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றார். ரயில் ஏறியதும், "மாப்பிள்ளை உன்னய என்னமோ இங்கிலீசுல சொன்னாகளே, என்னத்தா அது?" என்று கேட்டார். மாமன் மகள் என்று சொன்னார் என்றேன். ஊர் வரும்வரை அந்தச் சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது.

நேற்று அருப்புக்கோட்டை நூலகத்தில் பெரிய அகராதியை எடுத்துப் பார்த்தேன். தட்டுத் தடுமாறி ஆங்கிலம் படிக்கிற எனக்கே பத்து நிமிடம்தான் ஆனது. லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல்லாம். ஆதியில் அதற்குப் பொருள், தாயின் சகோதரி பெற்ற பிள்ளை. அதாவது சித்தி மகள், பெரியம்மா மகள். நமக்கும் அவர்கள் உடன்பிறந்தவர்கள்தான். லத்தீன்காரருக்கு முறை தெரிந்திருக்கிறது. பின்னால் வந்தவர்கள் பிரித்துச் சொல்லச் சோம்பல்பட்டு எல்லோரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார்கள். உங்களுக்கு அந்தச் சாக்கு போதுமாக இருந்திருக்கிறது.

பேராசிரியர் மகளைப் பிடித்திருக்கிறது, உன்னைப் பிடிக்கவில்லை என்று ஒரு கார்டில் எழுதியிருந்தால் உங்கள்மேல் மரியாதை மிஞ்சியிருக்கும். பிழைப்பே ஆங்கிலம், பொய் சொல்லுமுன் அந்த அகராதியைக்கூடத் திறக்கவில்லை. உங்களிடம் பாடம் கேட்கிற பிள்ளைகள் பாவம்.

கடைசி வரியில், அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்கு அழுகை நின்றுவிட்டது. அந்த உதவிக்கு நன்றி.

அத்தையிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை டவுனுக்குப் போய் எனக்கு அரக்குக் கலரில் சேலை எடுத்துவந்தார்கள். உடுத்திக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். "எங் கண்ணே பட்டுரும் போல இருக்குத்தா" என்று நெட்டி முறித்தார்கள். நான் உள்ளே போய்ச் சேலையை மடித்து வைத்தேன்.

நீங்கள் கட்டப்போகிற பெண்ணுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

பொங்கலுக்குள் ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள். என்னைப் பார்க்க வேண்டாம், பள்ளிக்கூட நேரமாகப் பார்த்தே வாருங்கள். அத்தைக்கு எதிரில் உட்கார்ந்து நீங்களே சொல்லுங்கள். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழில்தான் சொல்லியாக வேண்டும்.

இப்படிக்கு,
ச. வெள்ளைத்தாய்