பட்டன் படை தோற்ற கதை

ஜனவரி 9, வியாழன்

மருந்துக் கடைக்காரர் இன்று மாத்திரையைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "தளபதி பொழைப்பாரா மாட்டாரா, அதச் சொல்லுங்க மொதல்ல." எனக்குப் பின்னால் வரிசையில் ஆட்கள் நெளிகிறார்கள். என் பிரஷர் மாத்திரையைப் பிணையாக வைத்து என் பிரஷரையே ஏற்றுகிற மனுஷனை என்ன செய்வது? "வெள்ளிக்கிழமை பத்திரிகை வாங்கிப் படிங்க" என்று பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

தளபதி பிழைக்க மாட்டார். ஆற்றங்கரையில் நிற்கிற அந்தப் படையில் ஒருத்தரும் பிழைக்க மாட்டார்கள். தொடர்கதையை ஆரம்பிக்கும்போதே முடிவு செய்தது. ஒரு வருஷமாக வாராவாரம் அவர்களை அந்த ஆற்றுக்குத்தான் நடத்திக்கொண்டு போகிறேன்.

பத்திரிகை ஆசிரியரும் போன் பண்ணினார். "ஜெயிக்க வெச்சிடுங்கம்மா. கற்பனைதானே, உங்களுக்கு என்ன நஷ்டம்?" யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கப் போவதில்லை.

யோசிக்கிறது வேறு. அண்ணன் இந்தத் தொடரை ஒரு வாரம்கூட விடாமல் படிக்கிறான். இருபது வயதில் சண்டைக்குப் போய், தோற்றுப்போன படையிலிருந்து திரும்பி வந்தவன் அவன். இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. நான் பொய்யாக எழுதினாலும் அவனுக்கு வலிக்கும், உண்மையாக எழுதினாலும் வலிக்கும். ஜெயித்த மாதிரி எழுதினால்? அதுதான் ரொம்ப வலிக்குமோ?

ஜனவரி 12, ஞாயிறு

அம்மாவின் பட்டன் டப்பாவைப் பரணிலிருந்து இறக்கினேன். யார் எங்கே நிற்கிறார்கள் என்று எனக்கே குழம்பிவிட்டது, சாப்பாட்டு மேஜையில் அடுக்கிப் பார்த்தால் தெரியும் என்று. மூடியைத் திறந்ததும் அந்த வாசனை! துருவும் சாக்கட்டியும் தையல் மெஷின் எண்ணெயும். அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அம்மா தையல்காரி. வீட்டில் பொம்மை கிடையாது, பட்டன்தான். மழை நாளில் கட்டிலே போர்க்களம். சட்டையின் வெள்ளைப் பட்டன்கள் காலாட்படை, உலோகப் பட்டன்கள் குதிரை, பெரிய கறுப்பு கோட்டுப் பட்டன் ராஜா. அண்ணன் எப்பவும் பெரிய படையை எனக்குக் கொடுத்துவிடுவான். தோற்றால் நான் ஊரைக் கூட்டிவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும். "தோக்கறதுக்கும் ஒரு ஆள் வேணும்ல? நான் இருக்கேன், நீ அடி சின்னவளே" என்பான். அடித்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து உருண்டு விழுவான். அவன் விழுகிற அழகுக்காகவே ஜெயிப்பேன்.

எங்கள் சட்டம் ஒன்றே ஒன்று. தோற்ற பட்டனெல்லாம் டப்பாவுக்குள் போய்விடணும். மூடியை டப்பென்று மூடினால் சண்டை முடிந்தது.

ஒருநாள் அம்மா வந்து ராஜாவையே தூக்கிக்கொண்டு போய்விட்டாள், அவசரக் கோட்டு. அதற்கப்புறம் எங்கள் ராஜா ஒரு வங்கி மேனேஜரின் தொப்பைக்கு மேலே உட்கார்ந்து ஊரைச் சுற்றினார். தெருவில் அந்த மேனேஜரைப் பார்த்தாலே அண்ணன் விறைப்பாக சல்யூட் அடிப்பான். பாவம், அவரும் திருப்பி அடிப்பார். இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு தாங்கவில்லை.

ஜனவரி 15, புதன்

மேஜை முழுக்கப் பழைய தோல்விகள். நெப்போலியனின் படை ரஷ்யப் பனியில் கரைந்தது, கன்னேயில் ரோமானியப் படையை ஹன்னிபால் வளைத்து நசுக்கியது. எத்தனை பேர் செத்தார்கள் என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. தப்பித்தவர்கள்? அதற்கு ஒரு வரி, சிலதில் அதுவும் இல்லை.

அண்ணன் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தான். அண்ணி போய்ச் சேர்ந்ததிலிருந்து என்னோடுதான் இருக்கிறான், சமையலும் அவன்தான். பேச்சுவாக்கில் சொன்னேன்: கன்னேயில் தப்பித்தவர்களை ரோம் ஊருக்குள் சேர்க்கவில்லை. சண்டை முடிகிற வரைக்கும் வரக்கூடாது என்று சிசிலித் தீவுக்கு அனுப்பிவிட்டது.

கத்தி நின்றது. "தப்பிச்சதுதான் குத்தமா?"

"அப்படித்தான் போல."

மறுபடியும் நறுக்க ஆரம்பித்தான். கொஞ்ச நேரம் கழித்து வழக்கமான கேள்வி: "ராத்திரிக்கு எத்தனை பேரு?" என்னமோ இந்த வீட்டில் தினம் ஒரு கல்யாணக் கூட்டம் சாப்பிடுகிற மாதிரி! நானும் அவனும், எப்பவாவது என் மகள். ஆனாலும் எண்ணாமல் அடுப்பைப் பற்றவைக்க மாட்டான். ஒரு கரண்டி மிச்சம் இருந்தாலும் வயிறு வெடிக்கத் தானே தின்று தீர்ப்பான். அம்மா வைத்த பட்டம் எண்ணிக்கை மந்திரி. என் மகளுக்கும் அது தொற்றிக்கொண்டது. வாசலிலேயே "மந்திரி மாமா, ஒரு தலை வந்திருக்கு, எழுதிக்கோங்க" என்றுதான் நுழைவாள்.

அந்தக் கேள்வி எப்போது ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். அவன் சண்டைக்குப் போகும்போது ஸ்டேஷனில் பேண்டு வாத்தியம், மாலை, ஒரே அமர்க்களம். வரும்போது ஒரு காக்கா குருவி இல்லை. கொல்லைக் கதவு வழியாக வந்தான். அம்மா அழவில்லை, "சாப்பிடுறியா?" என்றாள். அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "எத்தனை பேருக்கு வெச்சிருக்கே?"

நாங்கள் சிரித்தோம். வந்துவிட்டானே என்ற சந்தோஷம், எதற்கெடுத்தாலும் சிரிப்பு வந்தது அன்றைக்கு.

ஜனவரி 19, ஞாயிறு

எழுதவில்லை. பீரோவைத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன்.

ஜனவரி 21, செவ்வாய்

காலையில் எழுதி முடித்தேன். என்ன எழுத்து! ஆறு சிவக்கிறது, கொடி சாய்கிறது, தளபதி கடைசி ஆளாக விழுகிறார். எனக்கே புல்லரித்தது. எழுந்து வந்து, மேஜையில் இருந்த வெள்ளைப் படையைக் கையால் வாரி டப்பாவில் போட்டு மூடினேன். டப்.

அண்ணன் டீயோடு நின்றிருந்தான். எப்போது வந்தானோ.

"எல்லாரையும் போட்டுட்டியா?"

"ஆமாண்ணா. தோத்துட்டாங்க."

"தோத்தா எல்லாரும் செத்துட்டாங்கன்னு அர்த்தமா?"

டீயை வைத்துவிட்டு டப்பாவைத் திறந்தான். வெள்ளைப் பட்டன்களை ஒவ்வொன்றாக எடுத்தான். ஒன்றுக்கு ஓரம் உடைந்திருந்தது, ஒன்றில் பழைய நூல் தொங்கியது. மேஜையின் ஓரத்தைப் பார்த்து ஒற்றை வரிசையாக, தள்ளித் தள்ளி வைத்தான்.

"இவங்க திரும்பி நடக்கணும்" என்றான். "சாகறது ஆத்தோட முடிஞ்சுபோச்சு. நடக்கறது முடியாது. அத எழுத மாட்டேங்கறீங்களே, ஒருத்தரும்."

சொல்லிவிட்டு, எப்பவும் போல மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போய்விட்டான். டீ ஆறிப்போய் ஏடு படிந்திருந்தது. புல்லரித்ததாம் எனக்கு! வெட்கமாக இருந்தது. எழுதினதைக் கிழித்தேன்.

ஜனவரி 22, புதன்

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனே சொன்னான், பாத்திரம் கழுவிக்கொண்டே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

பொழுது சாய்கிற நேரத்துக்கு முகாமுக்குத் திரும்பினார்களாம். தூரத்திலேயே சாப்பாட்டு வாசனை. சமையல்காரர் பெரிய பெரிய அண்டாவில் ஆக்கி வைத்திருக்கிறார், காலையில் போன அத்தனை பேருக்கும். தரையில் தட்டு வரிசை வரிசையாகப் போட்டிருக்கிறது. வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். ஒரு வரிசைகூட நிரம்பவில்லை.

"யாருக்கும் எறங்கல. முன்னாடி பூரா காலித் தட்டு. அது அது யாரு தட்டுன்னு தெரியுது. எனக்குப் பக்கத்துல எப்பவும் உக்காருறவன் தட்டு... விடு. கடைசியில அண்டாவ ரெண்டு பேரு தூக்கிட்டுப் போய்ப் பள்ளத்துல கொட்டினாங்க. அந்தச் சத்தம் இருக்கே—"

குழாயைத் திறந்துவிட்டான். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"பாவம், அந்தாளு மேல தப்பில்ல. அவருக்கு யாரும் சேதி சொல்லியிருக்க மாட்டாங்க. சொல்லியிருந்தா கொறைச்சு வெச்சிருப்பாரு."

எண்ணிக்கை மந்திரி. ஐயோ! எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருக்கிறோம். அவனும் கூடவே சிரித்தானே! ஏண்டா சிரிச்சே? ஏன் ஒரு தடவையாவது எங்க வாயை மூடல?

அப்புறம் சொன்னான், "எழுதறதுன்னா எழுதிக்கோ. நான் சொன்னேன்னு போட்டுடாதே."

ஜனவரி 24, வெள்ளி

முடிவைப் படித்துவிட்டு ஆசிரியர் போனில் கத்தினார். "தோத்துட்டுத் திரும்பி வந்து சாப்பிட உக்காருறாங்க, இதுதான் க்ளைமாக்ஸாம்மா? ஜெயிக்க வைங்கன்னேன். இல்ல, கொன்னாவது போடுங்க. இது ரெண்டுங்கெட்டான்."

"ரெண்டுங்கெட்டான்தான் சார். தோத்தவங்க பொழப்பே அதுதான்."

"வாசகர்கள் ஏத்துக்கலன்னா அடுத்த தொடரப் பத்திப் பேச வேணாம், ஆமா."

சரி என்றேன். போனை வைத்ததும் பிரஷர் மாத்திரையைத் தேடினேன். இந்த வயசில் வீரம் எல்லாம் உடம்புக்கு ஆகாது.

ஜனவரி 31, வெள்ளி

கடைசி அத்தியாயம் வந்துவிட்டது. அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தான். நான் சமையலறையில் ஒரு டம்ளரையே கழுவிக்கொண்டிருந்தேன். படித்து முடித்துப் பத்திரிகையை இரண்டாக மடித்துத் தலையணைக்கடியில் வைத்தான். "ராத்திரிக்கு எத்தனை பேரு?" என்றான். அவ்வளவுதான்.

நல்லதா கெட்டதா, ஒன்றும் புரியவில்லை. கிளறிவிட்டுவிட்டேனோ?

பிப்ரவரி 1, சனி

மருந்துக் கடைக்காரர் வாயே திறக்காமல் மாத்திரையைக் கொடுத்தார். சில்லறையை எடுத்துக்கொண்டு திரும்பும்போது, "பட்டாளத்துலேருந்து வந்த எங்கப்பா சாப்பிடும்போது பேசவே மாட்டாரு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஆசிரியர் போன். குரல் வேறு மாதிரி. "அம்மா, ஒரு பெரியவர் ஆபீசுக்கே வந்துட்டாரு. அந்த அண்டா விஷயத்த உங்களுக்கு யாரு சொன்னதுன்னு கேக்கறாரு. சொல்லாம நகர மாட்டேங்கறாரு."

"யாராம்?"

"சமைச்சது அவராம்."

அண்ணனிடம் சொன்னேன். "இன்னும் இருக்காரா?" என்றான், சின்னப் பிள்ளை மாதிரி. அப்புறம், "ஞாயித்துக்கெழமை சாப்பிட வரச் சொல்லு."

பிப்ரவரி 9, ஞாயிறு

விடிந்ததிலிருந்து அண்ணன் அடுப்படியில். "எத்தனை பேரு?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டான். நான், நீ, என் மகள், அவர். நாலு பேருதாண்ணா, மாறாது.

பெரியவர் ஒல்லியாக, கைத்தடியோடு, காதில் மெஷினோடு வந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அத்தனை பேரில் ஒருத்தன், அவருக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? கை கொடுக்கவும் இல்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. பெரியவர் நேரே சமையலறைக்குப் போய் மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னப்பா இது, தலைய எண்ணி வெச்சிருக்கே?"

அண்ணன் தலை குனிந்துகொண்டான். "வீணாப் போயிடும்னுதான். அன்னிக்கு... உங்களுக்குச் சேதி வரல, தெரியாம அவ்வளவும் ஆக்கிட்டீங்க."

"யாரு சொன்னா தெரியாதுன்னு? மத்தியானமே சேதி வந்துடுச்சு. கொறைச்சு வைன்னாங்க." பெரியவர் மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றார். "கொறைச்சு வைன்னா, யாருத கொறைக்கிறது? எந்தப் பையனோடத? நீங்க வரமாட்டீங்கன்னு நான் முடிவு பண்ணலாமா? போய்யான்னுட்டு முழுசா வெச்சேன். அத்தனை தட்டையும் நானேதான் போட்டேன்."

அண்ணன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். அழுதான். அவன் அழுது நான் பார்த்ததே இல்லை, கட்டிலிலிருந்து விழுந்து பல் உடைந்தபோதுகூட. நானும் அழுதேன். என் மகள்தான் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள்.

அப்புறம் அண்ணன் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பெரிய பாத்திரத்தை எடுத்தான். அம்மா காலத்துப் பாத்திரம், பரணில் கிடந்தது. மறுபடியும் முதலிலிருந்து சமைத்தான். பெரியவர் பக்கத்தில் நின்று உப்புப் போட்டார், அதட்டினார், ருசி பார்த்தார். எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை.

வயிறாரச் சாப்பிட்டோம். பாத்திரத்தில் பாதிக்கு மேல் மிச்சம். அண்ணன் எட்டிப் பார்த்தான். நான் பயந்துகொண்டே அவன் முகத்தைப் பார்த்தேன்.

"இருக்கட்டும், சின்னவளே" என்றான். "மூடி வை."